மைசூர் நம்பர் வண்டி

திம்பம் செக்போஸ்டில் போலீஸ்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பின் சீட்டில் எட்டிப் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொல்லி என் பாத்திர மூட்டையைத் தடியால் குத்திப் பார்த்தார். எல்லாம் முடிந்தபிறகு என்னிடமே கேட்டார்: "டிரைவர் எங்கீங்கம்மா? காட்டுக்குள்ள ஒதுங்கப் போயிட்டாருங்களா?"

"நான்தான் டிரைவர்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. லைசென்ஸை எடுத்துக் காட்டியபிறகும் மரங்களுக்கு நடுவே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அந்த வருஷங்களில் அந்தக் காட்டில் யாரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். பாவம், அன்றைக்கு ஒரு நர்ஸம்மாவின் டிரைவரையும் சேர்த்துத் தேட வேண்டியதாகிவிட்டது.

நான் ருக்மணி. மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, எல்லா நர்ஸுகளுக்கும் தலைவியாக ரிட்டயர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பிறந்தது கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்ததும் தம்பி நாச்சிமுத்து எஸ்.டி.டி.யில் கூப்பிட்டான். "நம்மூருக்கே வந்துருங்கக்கா. நான் இருக்கறப்ப நீங்க ஏனுங்க அந்த ஊர்ல தனியாக் கெடக்கோணும்?" என்றான். அவன் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறையில் ஆரம்பித்து, இப்போது பம்ப் செட்டுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் கம்பெனி வைத்திருக்கிறான். வீட்டு மாடியில் எனக்கென்று ஒரு அறையும் கட்டிவிட்டான்.

வந்தேன். ஆனால் அந்த அறைக்கு வரவில்லை. வடவள்ளியில் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு டாக்டர், எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் புண் துடைத்துக் கட்டி, ஊசி போட்டு வர ஆள் தேடிக்கொண்டிருந்தார். எல்லாம் பஸ் போகாத தோட்டத்து வீடுகள். "கார் இருக்கா சிஸ்டர்? இருந்தா அடுத்த மாசமே வந்துருங்க" என்றார். இருந்தது. கார் ஓடினால் நான் சிஸ்டர் ருக்மணி. ஓடாவிட்டால் நாச்சிமுத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கும் அக்கா. எனக்கு இருந்தது இந்த இரண்டு வழிதான்.

கார் ஒரு மோரிஸ் மைனர். சுதந்திரம் வந்த கொஞ்ச வருஷத்தில் கப்பலில் வந்து இறங்கியது. சிக்மகளூர்க் காப்பித் தோட்டக்காரர் ஒருவருடையது. அவர் மனைவியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான் என்பதால், தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்கே விற்றார். இளம் சாம்பல் நிறம். திரும்புவதற்கு விசையைத் தட்டினால் கதவுக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே எழும்பும். அதுதான் இண்டிகேட்டர். மைசூரில் சைக்கிள்காரர்கள் அந்தக் கையைப் பார்த்தே, சிஸ்டர் வண்டி வருகிறது என்று வழி விடுவார்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கியதும் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பானட்டைத் தூக்கிவைத்துவிட்டு நின்றேன். பின்னால் வந்த லாரியும் நின்றது. இரண்டு பேர் இறங்கி வந்து கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். நம்பர் மைசூர் நம்பர், ஆனால் என் புடவைக்கட்டைப் பார்த்து எனக்குக் கன்னடம் வராது என்று நினைத்துவிட்டார்கள் போல. "பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு உட்காராமல் இந்தக் கிழவிக்கு எதற்கு இந்த வேலை?" என்றான் ஒருவன். "வண்டிக்கும் அவளுக்கும் ஒரே வயசு. ரெண்டும் ஒண்ணை விட்டு ஒண்ணு இறங்காது" என்றான் மற்றவன். "முதலில் தண்ணீர் இருந்தால் கொடுங்கள், என் வயசை அப்புறம் பார்க்கலாம்" என்று நல்ல மைசூர்க் கன்னடத்தில் சொன்னேன். ஒரு கேன் தண்ணீர் வந்தது. ஊற்றியும் கொடுத்தார்கள். போகும்போது கும்பிடு வேறு.

சத்தியமங்கலத்தில் ஒரு மெஸ்ஸில் அரிசியும்பருப்பும் சாப்பிட்டேன். மைசூரில் பிசிபேளேபாத் என்று ஒன்று செய்வார்கள். அதற்குள் என்னென்ன போடுகிறார்கள் என்று சமைப்பவருக்கே நினைவிருக்காது. இங்கே அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மேலே ஒரு கரண்டி நெய். தீர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறியவர் பக்கத்தில் வந்து, "டிரைவருக்கும் ஒரு எலை போட்டறலாங்களா அம்மணி?" என்றார். அடச்சே என்றாகிவிட்டது.

முதல் இரண்டு நாள் நாச்சிமுத்து வீட்டில் தங்க வேண்டும் என்று அவன் மனைவி தனலட்சுமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நல்ல பெண். காலையில் எழுந்ததும் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தாள். வட்டலில் இருப்பது குறையவே விடமாட்டாள். கையை வைத்து மறைத்தால் விரல் சந்தில் ஊற்றுவாள்.

"மைசூர் நம்பரை மாத்தறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கெல்லாம் நீங்க ஏனுங்கக்கா போறீங்க? பேப்பரைக் குடுத்துப்போட்டுக் கம்முனு இருங்க. நான் ஆளை அனுப்பறேன்" என்றான் நாச்சிமுத்து.

"என் வண்டிக்கு நான்தான் போவேன்."

"எங்கூட்டுப் பொம்பளை அந்த வெயில்ல நின்னா, பாக்கறவங்க என்னை என்ன சொல்லுவாங்க?"

"என்னை என்ன சொல்லுவாங்கன்னு ஒரு தடவையாவது கேக்கறயாடா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வண்டிகள் பதியும் ஆபீசில், மரத்தடி மரத்தடியாக மனிதர்கள். மரம் முடிந்த இடத்தில் பேக்கரி. அங்கே டீயும் தேங்காய் பன்னும். நான் போய் நின்ற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி. "சார் வரலீங்களா?" எந்த சார்? முதல் ஆளிடம் விளக்கினேன். அடுத்த ஆளிடம், சார் சிக்மகளூரில் இருக்கிறார் என்றேன். மைசூர்க்காரர்களும் மரியாதைக்காரர்கள்தான். அவர்கள் மரியாதை, வழி விட்டு ஒதுங்கி நிற்கும். கோயமுத்தூர் மரியாதை நாற்காலி போட்டு உட்காரவைத்து, நாம் வந்த வேலையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும். எழுந்திருக்க விடாது.

இன்ஸ்பெக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். இளவயசு. அவர் மட்டும் என்னிடம் சார் எங்கே என்று கேட்கவில்லை. அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். தாள்களைப் பொறுமையாகப் பார்த்தார். "மைசூர்ல உங்க வண்டிய விடுவிச்சுட்டாங்கம்மா. இங்க நாங்க பதிஞ்சாத்தான் அதுக்கு ஊர்" என்றார். பிறகு சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றார். அதாவது, வண்டி செய்தவர்கள் இரும்பில் அடித்த நம்பரின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது. இரும்பில் இருப்பது அப்படியே தாளில் விழும். என் காருக்கு அந்த நம்பர் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்தது. சீட்டைத் தூக்கி, அவரே முழங்கால் போட்டுத் தேய்த்தார். முன்பாதி அழகாக விழுந்தது. கடைசி மூன்று எண் துருவில் மூடிக் கிடந்தன.

"மண்ணெண்ணெய்ல துணிய நனைச்சு மேல போட்டு ஊற விடுங்க. அப்புறம் பல்லு விளக்குற பிரஷ்ஷால மெதுவாத் தேய்ங்க, தெரிஞ்சிரும். வேற எந்தக் கருவியும் அதுமேல படக்கூடாதும்மா. திங்கக்கிழமை கொண்டு வாங்க" என்றார்.

புண்ணைச் சுத்தம் செய்வதுபோல் ஒரு வேலை. அதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? சந்தோஷமாகத் திரும்பினேன்.

பொழுதோட சாப்பிட உட்கார்ந்தபோது இதைச் சொல்லித் தொலைத்தேன். நாச்சிமுத்துவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நம்பர் தெரியலீங்களா? அவ்வளவுதானுங்களா? பூ!" என்றான். இரும்பு என்றால் அவனுக்குத் தன் வீட்டு விஷயம்.

"அதுல நீ கை வெக்காதே. இன்ஸ்பெக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்கார்."

"செரிங்கக்கா."

எங்கள் ஊரில் 'செரிங்க' என்றால் 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்று மட்டும்தான் அர்த்தம். அங்கே பிறந்து வளர்ந்தவள், அதை மறந்துபோய் நம்பினேன்.

சனி, ஞாயிறு கோபியில் மாமன் வீட்டுப் பேத்திக்குக் காதுகுத்து. "ஒறம்பரை சொந்தமெல்லாம் உங்களைப் பாக்கோணும்னு துடிக்கறாங்க. உங்க வண்டி மலையெறங்கி வந்து களைச்சுக் கெடக்குது, அது இங்கயே இருக்கட்டும். நம்ம வண்டியில போங்க, ஆறுமுகம் ஓட்டுவான்" என்றான். அவன் வண்டி அந்த வருஷம் வாங்கியது. ஏ.சி. வைத்தது. சீட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. ரேடியேட்டரை நினைத்து நானும் சரியென்று கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். ஞாயிறு திரும்பி வந்து மண்ணெண்ணெய் வேலையைச் செய்துகொள்ளலாம் என்று கணக்கு.

வண்டி ஓட்டிப் பழகியவர்களைப் பின் சீட்டில் உட்காரவைப்பது மாதிரி தண்டனை வேறு இல்லை. ஆறுமுகம் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அவினாசி தாண்டுவதற்குள் கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டது. "ஏ.சி. எச்சா இருக்குதுங்களா அம்மணி?" என்று கேட்டான் அவன்.

கோபியை நெருங்கும்போது வாய்க்கால் ஓரத்தில் வழியை மறித்திருந்தார்கள். சினிமா ஷூட்டிங். கதாநாயகி வயல் நடுவே கார் ஓட்டிக்கொண்டு பாடுகிறாள். அந்தப் பெண்ணுக்கு ஓட்டத் தெரியாதாம். முன்னால் ஒரு ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். அவள் பாட்டுக்கு ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு சிரித்தாள். நெல்லும் வாழையும் தென்னையும் பின்னால் பச்சைப் பசேல் என்று நின்றன. ஆறுமுகம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளை நெசமாலுமே ஓட்டறாப்லயே இருக்குதுங்க அம்மணி!" என்றான். என்னைச் செக்போஸ்டில் பார்த்துச் சிரித்தவர் இங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

காதுகுத்தில் கறிச்சோறு, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், கேள்விகள். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பெரியம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நாச்சிமுத்தாட்டப் பொறந்தவன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும் கண்ணு. உனக்கு ஒரு சீரும் செய்யாமப் போச்சேன்னு அவனுக்கு மனசுல கெடக்குது" என்றாள். வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அக்கா தங்கைக்கு நல்லது எது நடந்தாலும் உடன்பிறந்தவன் சீர் கொண்டுவர வேண்டும். தட்டில் புடவை, தேங்காய், பழம் வைத்து, நாலு பேர் பார்க்க வந்து கொடுப்பான். அதில்தான் அவனுக்கு மரியாதை. கல்யாணமே செய்துகொள்ளாதவளுக்கு எங்கே சீர்? எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. அவனுக்கு இருந்திருக்கிறது. அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு இன்னொரு கச்சாயம் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை திரும்பினால் வீட்டு வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர்கள், கம்பெனி ஆட்கள், தனலட்சுமியின் பிறந்த வீட்டார். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அவசரமாக இறங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். வழி விட்டார்கள். நடுவில் என் கார் நின்றது. மெரூன் நிறத்தில்.

ரோஜா மாலை. மஞ்சள், குங்குமம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். முன்னால் வரிசையாகத் தட்டுகள். பட்டுப்புடவை, தேங்காய், வாழைத்தார், கல்கண்டு. நாச்சிமுத்து வெள்ளை வேட்டி சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "வாங்கக்கா. ஒரு சீரும் செய்யலீங்கன்னு மனசு கெடந்து அடிச்சுட்டே இருந்துச்சுங்க. இதாவது செஞ்சுபோட்டேன்" என்றான்.

ஆரஞ்சுக் கையைத் தேடினேன். இல்லை. அந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். "அது எதுக்குங்க, எப்பப் பாத்தாலும் மக்கர் பண்ணும். பல்பு வெச்சுட்டனுங்க, இங்க பாருங்க" என்று மினுக்கிக் காட்டினான். பிறகு கதவைத் திறந்து டிரைவர் சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்தான்.

துரு இல்லை. இரும்பைத் தேய்த்து வெள்ளியாக்கியிருந்தான். அதில் நம்பர் முழுவதும் புதிதாக, ஆழமாக, பளிச்சென்று இருந்தது.

"ஆளுங்ககிட்ட உடலீங்கக்கா. கிரைண்டர் போட்டு வழிச்சு, ஆர்.சி. புக்கைப் பாத்து என்ற கையாலயே அடிச்சேன். ஒரு எழுத்துக் கோணல் சொல்லுங்க பாக்கலாம்!"

கோணல் இல்லை. அவனை அங்கேயே ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. "பாவி, கை வெக்காதேன்னு சொன்னேனேடா. இது நம்பரைத் திருத்தினதாகும்டா" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எங்கீங்க திருத்தினேன்? அதே நம்பர்தானுங்க. தெளிவாப் பண்ணியிருக்கறேன்."

அதற்குள் தனலட்சுமி தட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். கூட்டத்தில் ஒரு பெரியவர், "பொறந்தவன்னா இப்படி இருக்கோணும்" என்றார். நான் தட்டை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அந்தத் தட்டை வாங்காமல் திரும்பினால் அவன் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன்.

திங்கள்கிழமை என் காரை நான் ஓட்டிக்கொண்டு போனேன். அவன் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்து, தன் வண்டியில் ஆறுமுகத்தோடு பின்னாலேயே வந்தான். மெரூன் வண்டியிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்ததுமே இன்ஸ்பெக்டர் முகம் மாறிவிட்டது. ஆர்.சி.யில் சாம்பல் நிறம். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தாளும் பென்சிலும் எடுக்கவே இல்லை.

"யாரும்மா இதை அடிச்சது?" என்றார்.

நான் ஆர்.சி. புக்கை எடுத்து நீட்டினேன்.

"திருட்டு வண்டிக்குத்தான்மா இப்படிப் பண்ணுவாங்க. பழைய நம்பரை வழிச்சாச்சு. இப்ப இது எந்த வண்டின்னு நான் எதை வச்சுச் சொல்றது? எஞ்சின் ஓடுது, சக்கரம் சுத்துது, எல்லாம் சரி. இது உங்க வண்டிதானான்னு எனக்குத் தெரியாதே." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒரே ஒரு வழி இருக்கு. அடிச்ச ஆள் நேர்ல வந்து, நாந்தான் வெவரம் தெரியாம அடிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். மைசூர்ல இருந்து பழைய பென்சில் பிரிண்டை வரவழைச்சு, மேல அனுப்பிப் பாக்கலாம். நாளாகும், ஆனா வண்டி கிடைக்க வழியிருக்கு. அந்த ஆள் மேல கேஸ் வரும். தெரியாம செஞ்சதுன்னு கண்டிச்சு விட்டாலும் விடுவாங்க, என்னால உறுதி சொல்ல முடியாது. ஆள் யாருன்னே தெரியலைன்னா, வண்டிய இங்கயே நிறுத்திட்டுப் போகவேண்டியதுதான்."

நாச்சிமுத்து எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். கை நீட்டினால் தோளைத் தொடலாம். நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். நாந்தானுங்க. ஒரே ஒரு சொல். மூச்சு விடுகிற நேரம். நேற்று அத்தனை பேருக்கு முன்னால், என்ற கையாலயே அடிச்சேன் என்று மார்தட்டினானே, அதையே இங்கே கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும்.

அவன் இரண்டு கையையும் கூப்பினான். "சார், எங்கக்கா வெளியூர்ல இருந்து வந்தவங்கங்க. பாவம், ஒண்ணும் தெரியாதுங்க. மைசூர்ல எவனோ பண்ணிப்போட்டானாட்ட இருக்குதுங்க" என்றான்.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். பளபளக்கும் இரும்பைப் பார்த்தார். போன வாரம் அதே இடத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து துருவைப் பார்த்தவர் அவர். அவனிடம் ஒன்றும் கேட்காமல் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க."

சொல்லலாம். பேரைச் சொன்னால் வண்டி என்றைக்காவது என் கைக்கு வரும். தம்பி ஸ்டேஷன் வாசலில் நிற்பான். அவன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியைக் காட்டிக்கொடுத்து வாங்கிய வண்டியில் நான் எந்த வீட்டு வாசலில் போய் இறங்குவேன்? ஆனால் அவன் தானாகச் சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கூடவே நின்றிருப்பேன். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அவனுக்கு முன்னால் நான் போயிருப்பேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இன்னைக்கு விட்டா கஷ்டம்."

"தெரியாதுங்க."

சாவியை வாங்கிக்கொண்டார். காரை மதிலோரம் பழைய லாரிகளும் ஆட்டோக்களும் நிற்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முன் கண்ணாடியில் மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா ஒட்டிக்கொண்டிருந்தது. தொண்டாமுத்தூர் டாக்டர் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

வெளியே வந்ததும் நாச்சிமுத்து மூச்சு விட்டான். "நல்லவேளைங்கக்கா, என்ற பேரைச் சொல்லலை நீங்க. பெத்தவளுக்கு மேல நீங்க" என்றான். கண் கலங்கியிருந்தது. பொய் அழுகை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறுமுகத்திடம் கையை நீட்டினேன். "சாவியைக் குடு. நான் ஓட்டறேன்."

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தலையாட்டினான். நாச்சிமுத்து பின்னால் ஏறினான். ஆறுமுகம் தன் இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டதால் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் குறுகி உட்கார்ந்தான். அவினாசி ரோட்டில் பகல் நேரக் கூட்டம்.

"அதையே நெனைச்சுட்டு இருக்காதீங்கக்கா. ஓட்டை வண்டி, ஸ்பேர்கூடக் கெடைக்காது. மாடியில ரூமு தயாரா இருக்குது. வடவள்ளி ஊட்டைக் காலி பண்ணிப்போடலாம். எங்க போவோணுமோ சொல்லுங்க, ஆறுமுகம் வந்து நிப்பான்."

"டாக்டர்கிட்ட என்ன சொல்லறது?"

"சீக்காளிங்களைத் தூக்கித் திருப்பற வேலை இந்த வயசுல உங்களுக்கு ஏனுங்க? அக்காவை வேலைக்கு அனுப்பித்தான் திங்கோணும்னு எனக்கென்ன தலையெழுத்துங்களா?"

இடப்பக்கம் டவுன் பஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. வலப்பக்கம் ஸ்கூட்டர். நடுவில் இடம் இருந்தது. நான் புகுந்தேன்.

"அக்கா! அக்கா! பாத்துங்க!" பின் சீட்டிலிருந்து எழுந்தேவிட்டான். "புது வண்டிங்க! கோடு கீடு உழுந்துறப் போகுது!"

காலையிலிருந்து அவன் அப்படிக் கத்தி நான் கேட்கவில்லை. என் வண்டியை மதிலோரம் தள்ளிக்கொண்டு போனபோதுகூட.

அடுத்த ஸ்டாப்பில் ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைத்து, இறங்கி, சாவியை அவன் கையில் வைத்தேன். "உன் வண்டிக்கு ஒண்ணும் ஆகலை" என்றேன். பின்னாலேயே வடவள்ளி பஸ் வந்து நின்றது. ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அவனும் காரிலிருந்து இறங்கினான். என்னைக் கூப்பிடத்தான் இறங்குகிறான் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். கேடுகெட்ட மனசு, அந்த நிமிஷம்கூட இறங்கிவிடலாம் என்று கம்பியைப் பிடித்தது. அவன் பஸ் பக்கம் திரும்பவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய், குனிந்து, வேட்டி நுனியால் கதவைத் துடைத்து, கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தான்.